பானகத்தில் செத்துக் கிடந்த எறும்பு

என் மகள் எட்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. பிறந்து ஐம்பத்தைந்து நாள் ஆன குழந்தை. சாமி விஷயம் எழுத வந்தவள் இதைப் போய் முதல் வரியில் எழுதுகிறாளே என்று முகம் சுளிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பெருமாள் எனக்குச் செய்த உதவி அந்த வழியாகத்தான் வந்தது. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல எனக்குத் தெரியாது.

இது நடந்தது 1989, ஆவணி மாதம். நாங்கள் அப்போதும் ஊரப்பாக்கம்தான். மாமனார் காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனை போட்டு விற்று, எங்கள் வீட்டைச் சுற்றி வெறும் கல் நட்டு வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு சின்ன கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் நான், அவர், அவருடைய அக்கா. அவ்வளவுதான்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. எல்லாம் பார்த்தது வீட்டுக்காரரின் அக்காதான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அப்போது அண்ணிக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்று, அது மூன்று மாதத்தில் செத்துப்போய், புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர். அந்தக் குழந்தை எப்படிச் செத்தது என்று அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

அண்ணி என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் பத்தியம் என்று சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்தினார். பூண்டுக் குழம்பும் சோறும்தான் மூன்று வேளையும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு மேல் குடித்தால் டம்ளரைப் பிடுங்குவார். நான் பொறுமைசாலி இல்லை. என் பெயர் சாந்தா, அது எங்கள் அப்பா வைத்த பெயர், அதற்கு நான் பொறுப்பில்லை. தினமும் சண்டை.

முதல் மாதம் குழந்தை ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை போவாள். பால் குடிப்பாள், உடனே போவாள். மஞ்சளாக, திரிந்த பால் போல. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பாலு வயித்துல தங்கவே மாட்டுது" என்று வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து நாக்கில் தடவினார். நாற்பது நாள் தாண்டியதும் எல்லாம் நின்றது. ஒரு நாள் போகவில்லை. இரண்டு நாள் போகவில்லை.

"மூணு நாள் ஆச்சுன்னா உள்ள கல்லாயிடும்டி" என்றார் அண்ணி.

மூன்றாம் நாள் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் வைத்தார். குழந்தை வில்லாக வளைந்து கத்தியது. காற்றுதான் வந்தது. நான்காம் நாள் அதே எண்ணெயைப் பாலாடையில் ஊற்றி வாயில் புகட்டினார். அன்று சாயங்காலம் முழுவதும் குழந்தை காலை வயிற்றில் மடக்கிக்கொண்டு அலறியது. தடுக்காமல் பக்கத்தில் நின்றவள் நான். அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் தீரவில்லை.

ஐந்தாம் நாள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தால் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே, "போச்சா?" என்பார். பால்காரர் அளக்கும்போது, "போச்சாம்மா?" என்பார். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டபடியே அங்கிருந்து, "சாந்தா, போச்சா?" என்று கத்துவாள். நான் ஒருநாள், "போச்சு, என் மானம்தான் போச்சு" என்று திருப்பிக் கத்தினேன். அவள் அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தை பகலில் எட்டுப் பத்து துணி நனைத்தாள். வயிறு மெத்தென்றுதான் இருந்தது. நன்றாகக் குடித்தாள். முகம் சிவக்க முக்குவாள், பிறகு சிரிப்பாள். இதைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை.

ஆறாம் நாள்தான் எறும்புச் சோதனை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலூட்டுகிறவளின் பாலைக் கொஞ்சம் பீய்ச்சி, அதில் ஒரு எறும்பைப் பிடித்துப் போடுவார்கள். எறும்பு ஏறி வெளியே வந்துவிட்டால் நல்ல பால். செத்துவிட்டால் விஷப் பால். அண்ணி ஒரு கொட்டாங்குச்சியைக் கழுவி எடுத்து வந்தார். நான் பீய்ச்சிக் கொடுத்தேன். சுவரோரம் போன கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து அதில் விட்டார். அது காலை உதைத்தது. சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அசையவில்லை.

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்தாயா நான் சொன்னேனே என்று ஆடுவார் என நினைத்தேன். அவருக்கு உதடு வெளுத்துவிட்டது.

"வுட்டுடு சாந்தா. இனிமே புள்ளைக்கி ஒரு சொட்டு குடுக்காத."

"அண்ணி, அது எறும்பு."

"குடுக்காதன்னு சொல்றேன் இல்ல!"

அன்றே பால் பவுடர் டப்பாவும் புட்டியும் வந்தன. பால் வற்றுவதற்காக என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பூ வாடினால் புதுப் பூ. இன்றைக்கும் எனக்கு மல்லிகை வாசம் ஆகாது, தலை சுற்றும். குழந்தை புட்டியைத் துப்பியது. பாதி குடித்தது, மீதியைக் கக்கியது. என் மார்பு பாறையாகக் கட்டிக்கொண்டு, எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குழந்தை அழும்போதெல்லாம் பால் தானாக வடிந்து ரவிக்கையை நனைத்தது. அதைக் கிணற்றடியில் போய்ப் பீய்ச்சிக் கீழே விட்டேன். பிள்ளை உள்ளே பசியில் கத்துகிறது, நான் பாலை மண்ணில் விடுகிறேன். இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன தண்டனை வேண்டும், சொல்லுங்கள்.

வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"உங்களுக்கு வாயே இல்லையா? உங்க அக்கா சொன்னா கெணத்துல குதிப்பீங்களா?"

"அதுக்குத் தெரியும் சாந்தா. பெத்தவ அது."

"அப்ப நான் யாரு? எதிர்வூட்டுக்காரியா?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவரோடு சண்டை போடுவது சுவரோடு சண்டை போடுவதைவிட மோசம்.

எட்டாம் நாள் சுவாதி நட்சத்திரம். நரசிம்மருக்கு உகந்த நாள். "சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று அவர்தான் ஆரம்பித்தார். அண்ணியையும் கூப்பிட்டார்.

"நான் வல்ல" என்றார் அண்ணி. "அந்தச் சாமிகிட்ட நான் பேசுறத வுட்டு எத்தினியோ வருஷமாச்சு. நீங்க போங்க. டப்பா பால மறக்காம எடுத்துக்கினு போங்க."

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு பஸ் பிடித்தோம். உட்கார இடம் கிடைத்தது, ஆனால் உட்கார முடியவில்லை. பஸ் குலுங்கினால் மார்பு உயிர் போகிற மாதிரி வலித்தது. குழந்தை கூடுவாஞ்சேரியில் அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஒரு கிழவர், "பசிக்குது போலிருக்கும்மா, பால் குடேன்" என்றார். நான் அவரை முறைத்த முறைப்பில் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்தார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு அத்தனை கோபம்.

அந்தக் கோவிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருமாள் மலையைக் குடைந்த குகையில் இருக்கிறார். அவருக்கு நெற்றியில் மூன்றாவது கண். அர்ச்சகர் திருமண்ணைத் தூக்கிப் பிடித்துத் தீபத்தைக் காட்டினால் அந்தக் கண் தெரியும். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையிலும் குழந்தை. மனதுக்குள் சண்டை போட்டேன்.

மூணு கண்ணு இருக்கே, ஒண்ணாலகூட என் பிள்ளையைப் பார்க்கலையா நீ? ஒரு குழந்தை கூப்பிட்டான் என்று தூணைப் பிளந்துகொண்டு வந்தாய் என்கிறார்கள். இங்கே ஒரு குழந்தை எட்டு நாளாகக் கத்துகிறது. என் பால் விஷம் என்றால் எனக்குக் காட்டு, நான் வாயை மூடிக்கொள்கிறேன். விஷம் இல்லை என்றால் அதையும் காட்டு. இன்றைக்கே காட்டு. நாளைக்கு நான் வரமாட்டேன்.

இப்படித்தான் வேண்டிக்கொண்டேன். ஒரு சுலோகம் இல்லை, ஒரு பாசுரம் இல்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். சுற்றி வந்தோம். வீட்டுக்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டு புட்டியை வாயில் வைத்துப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பித் திருப்பி அலறினாள். அந்த வெயிலில் பால் புளித்தும் போயிருந்தது. யாரோ சுவாதிக்குப் பானகம் விநியோகம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கும் தொன்னையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பத்தியமாவது ஒன்றாவது என்று வாய்க்குக் கொண்டு போனேன்.

அதில் ஒரு எறும்பு.

கட்டெறும்பு. காலைப் பரப்பிக்கொண்டு, செத்து மிதந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள், "நவுருங்கம்மா" என்றார்கள். நான் நகரவில்லை. வெல்லமும் ஏலக்காயும் சுக்கும் போட்டு, பெருமாளுக்குப் படைத்து, இத்தனை பேர் குடித்துக்கொண்டிருக்கிற பானகம். அதில் எறும்பு செத்திருக்கிறது. ஒருவரும் விஷம் என்று கொட்டவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் தன் தொன்னையிலிருந்து எறும்பை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடித்தார்.

கேட்டேன், காட்டிவிட்டான். என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

"புள்ளையக் குடுங்க" என்றேன்.

"இன்னா பண்ணப்போற?"

மலையோரம் ஒரு கல்லில் நிழலாக இருந்தது. உட்கார்ந்து, முந்தானைக்குள் கையை விட்டு அந்தக் கட்டை அவிழ்த்தேன். நசுங்கிய மல்லிகையெல்லாம் கீழே கொட்டியது. அவர் பதறிவிட்டார்.

"சாந்தா, வேணாம்! அக்கா சொல்லிச்சே!"

தொன்னையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இதப் பாருங்க. பெருமாள் பானகத்துல எறும்பு செத்துக் கெடக்குது. இதையும் விஷம்னு சொல்லுங்க பாக்கலாம். சத்தமா சொல்லுங்க, அர்ச்சகருக்குக் கேக்கட்டும்."

அவர் தொன்னையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களுக்கு மறைவாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

குழந்தை ஆவேசமாகக் குடித்தாள். முதல் இழுப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வலியில் வந்தது. பிறகு வலி குறைந்தது, கண்ணீர் நிற்கவில்லை. ஒரு பக்கம் குடித்து, மறுபக்கமும் குடித்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று உடம்பை முறுக்கினாள். முகம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. நான் பயந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பி வந்து குனிந்து கையில் வாங்கினார்.

எட்டு நாளையதும் அவர் வெள்ளைச் சட்டை மேலேயே வந்தது. மஞ்சளாக, அரைத்த கடுகு போல, கூழாக. கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. என் புடவையிலும் வழிந்தது. அவர் கையை நீட்டியபடி சிலை மாதிரி நின்றார்.

"போச்சு" என்றார். "சாந்தா, போச்சு!"

அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா அதைக் கேட்டு எட்டிப் பார்த்தது. "இன்னாப்பா, பர்ஸ் போச்சா?" என்றது. விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "சாமி அபிசேகம் பண்ணிக்கிச்சு போ! இந்தா, தண்ணி. மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டு நைனா, ஊரே நாறுது." நானும் சிரித்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தேன் என்று தெரியவில்லை. குழந்தை அதற்குள் தூங்கிவிட்டாள்.

பயம் முழுதாகப் போகவில்லை. அதனால் வீட்டில் இறங்காமல் நேராகத் தாம்பரம் போய், ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். அவர் குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை போட்டார். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறாள் என்று கேட்டார். எட்டு நாளில் என்னை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, ஒன்றரை மாதத்துக்கு மேல் சில சமயம் ஒரு வாரம், அதற்கு மேலும்கூடப் போகாமல் இருக்கும், குடித்ததெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடும், வரும்போது இளகலாக வந்தால் அது மலச்சிக்கலே இல்லை என்றார். காம்பு வைத்ததும் எண்ணெய் புகட்டியதும்தான் தப்பு என்றார். வயிறு கல்லாக உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே ஓடிவா, மற்றதற்கெல்லாம் பிள்ளையைச் சும்மா விடு என்றார். என் காய்ச்சலுக்கு மருந்து எழுதிவிட்டு, பால் கொடுத்தால்தான் கட்டு கரையும், தண்ணீரும் நிறையக் குடி என்றார்.

எறும்பைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எறும்புக்கு எந்தப் பால்லயும் நீந்தத் தெரியாதும்மா."

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். அண்ணி வாசலிலேயே நின்றார். "போச்சா?" என்றார். அவர் தம்பி தலையை ஆட்டினார். அண்ணி கையைக் கூப்பினார். அப்புறம் என் ரவிக்கையைப் பார்த்தார். கட்டு இல்லை.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். புட்டியிலிருந்த டப்பா பாலைக் கோவிலிலேயே கொட்டிக் கழுவிவிட்டு, பானகத்தை எறும்போடு அதில் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். அதே கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்து அதில் ஊற்றி, அவர் முன்னால் வைத்தேன்.

"பாருங்க அண்ணி. பெருமாளுக்குப் படைச்ச பானகம். இதுவும் விஷமா?"

அண்ணி பார்த்தார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். சுவரோரம் ஒரு எறும்பைப் பிடித்து அதில் போட்டார். அது உதைத்தது, சுற்றியது, நின்றது. சோறு வடித்த கஞ்சியைக் கொண்டுவந்து அதில் இன்னொன்று. அதுவும் நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்து, தலையை மேலே தூக்காமல் இதையே செய்துகொண்டிருந்தார்.

"அண்ணி?"

"எனக்கும் போட்டுப் பாத்தாங்கடி" என்றார். "அவருவூட்ல. எம்புள்ளைக்கி மூணு மாசம். எறும்பு செத்துச்சு. பால நிறுத்திட்டாங்க. ஆட்டுப் பாலு குடுத்தாங்க, அரிசிக் கஞ்சி குடுத்தாங்க. வயித்தால போயி போயி, நாலாம் நாளு…" கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். "என் பாலுதான் கொன்னுச்சுன்னு சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் இருந்தேன், இத்தினி வருஷமா. அப்ப, எம்பாலுல ஒண்ணும் இல்லையாடி? சொல்லு சாந்தா. ஒண்ணும் இல்லையா?"

நான் சண்டைக்கு வைத்திருந்த ஒரு வார்த்தையும் எனக்கு நினைவில்லை.

"ஒண்ணும் இல்ல அண்ணி. நல்ல பாலு" என்றேன். குழந்தையை அவர் மடியில் வைத்தேன். அந்த எட்டு நாளும் அண்ணி என்னோடு மல்லுக்கு நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்த ஒருத்தி, என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

குழந்தைக்கு அந்தக் கோவில் தாயார் பெயரையே வைத்தோம். அகோபிலவல்லி, வீட்டில் வல்லி. இப்போது பத்து வயது முடியப் போகிறது. என்னைவிடக் கோபம் அதிகம். மாதம்தோறும் சுவாதியன்று நாங்கள் பானகம் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறோம். கோபம் எனக்கு இன்னும் வருகிறது. ஆனால் எதிரே நிற்கிறவர் எந்தப் பயத்தில் கத்துகிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்புறம் கத்துகிறேன். எனக்கு இது பெரிய மாற்றம்தான், என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் போய் நிற்கிறது அண்ணிதான். கொட்டாங்குச்சி கண்ணில் பட்டால் காலால் தள்ளிவிடுவார். "மூத்திரம் போவுதா? வயிறு மெத்துனு கீதா? பாலு குடிக்குதா? அப்ப சும்மா வுடு, அது போற அன்னைக்குப் போவும். இல்லன்னா எழுந்திரு, டாக்டருகிட்ட போலாம்."

படிக்கிற உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சாமியிடம் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி கேளுங்கள், கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். அவர் கோபக்காரர், புரிந்துகொள்வார். கேட்ட பிறகு வானத்தைப் பார்க்காமல் கையிலிருக்கும் தொன்னையையும் கொஞ்சம் பாருங்கள்.

அண்ணி அடுத்த சுவாதிக்கே எங்களோடு கோவிலுக்கு வந்துவிட்டார். தீபம் காட்டினார்கள், மூன்றாவது கண் தெரிந்தது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டே நின்றார், உதடு அசைந்துகொண்டே இருந்தது. பெருமாளை என்னைவிட அதிகமாகத் திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அர்ச்சகர் தட்டோடு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அண்ணி முடிக்கிறவரை நான் பக்கத்திலேயே நின்றேன்.